எங்கள் குட்டி டேட்டாபேஸின் லெக்ஸரையும் பார்ஸரையும் பிரித்துக் கோர்த்தது

நண்பர்கள் சிலர் சேர்ந்து, கற்றுக்கொள்வதற்காக சி மொழியில் எழுதிவரும் சின்ன டேட்டாபேஸ் இது. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளும். பி-ட்ரீ இண்டெக்ஸ், டிரான்சாக்ஷன், ஓரளவுக்கு ஜாயின் எல்லாம் உண்டு. சேமிப்புப் பகுதியில் வேலை பார்க்க எல்லோருக்கும் ஆசை. குவெரியை, அதாவது டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையை, படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியை மட்டும் யாரும் சீண்டவில்லை. குவெரியை டோக்கன் எனும் துண்டுகளாக வெட்டும் லெக்ஸர், அவற்றைக் கோர்த்துப் பொருள்கொள்ளும் பார்ஸர், இரண்டும் சேர்ந்ததுதான் அது. அவசரத்துக்கு எழுதியது அப்படியே வருடக்கணக்கில் ஓடியது. குறைகள் குவிந்தன. ‘வயது-1’ என்று இடைவெளி விடாமல் எழுதினால் பிழை. அட்டவணையில் ஒரு பத்திக்கு ‘டேட்’ என்று பெயர் வைக்க முடியாது. எந்தத் தப்புக்கும் ‘குவெரியில் பிழை’ என்ற ஒரே பதில். நீளமான நிபந்தனை வந்தால் புரோகிராமே விழுந்துவிடும். மொத்தமாக வரிசைகளைச் சேர்த்தால் ஆமை வேகம்.

தனித்தனி வியாதிகள் மாதிரித்தான் தெரிந்தது. புரோகிராம் கோடைத் திறந்து உட்கார்ந்த பிறகு, முக்கால்வாசிக்கு வேர் ஒன்றுதான் என்று புரிந்தது: முடிவுகள் தப்பான இடத்தில் எடுக்கப்பட்டிருந்தன. பார்ஸர் தீர்மானிக்க வேண்டியதை லெக்ஸர் தீர்மானித்தது. அதற்கும் பின்னால் நடக்க வேண்டியதை பார்ஸர் முந்திக்கொண்டு செய்தது. ஆகவே இந்தப் பதிவு வேகத்தைப் பற்றியது குறைவு, எந்த வேலையை எங்கே வைத்தோம் என்பது பற்றியதே அதிகம்.

கழித்தல் குறி

‘வயது-1’ சிக்கலில் இருந்தே தொடங்கினேன். பழைய லெக்ஸர் ‘-1’ஐப் பார்த்ததும் ‘எதிர்மறை எண்’ என்று ஒரே டோக்கனாகக் கொடுத்துவிடும். பார்ஸர் கைக்கு வருவது ‘வயது’ என்ற பெயரும், ‘-1’ என்ற எண்ணும். நடுவே எந்தச் செயல்குறியும் இல்லை. பிறகு அது வேறு என்ன சொல்லும்?

தீர்வு எளிது: லெக்ஸருக்கு எதிர்மறை எண் என்று ஒன்று கிடையாது. கழித்தல் குறி தனி டோக்கன், எண் தனி டோக்கன். அது இரண்டு பக்கமும் மதிப்புள்ள கழித்தலா, முன்னால் ஒட்டும் எதிர்மறைக் குறியா என்பதை பார்ஸர்தான் முடிவு செய்யும், ஏனென்றால் அதற்குத்தான் முன்னால் என்ன வந்தது என்று தெரியும்.

இதைச் செய்தவுடன் அடுத்த சிக்கல் வந்து நிற்கும். 64 பிட் முழு எண்ணின் மிகச் சிறிய மதிப்பு -9223372036854775808. குறியை நீக்கிவிட்டால் 9223372036854775808. இது 64 பிட்டுக்குள் அடங்காது, மிகப் பெரிய நேர்மறை மதிப்பு 9223372036854775807தானே. லெக்ஸரே எண்ணாக மாற்ற முயன்றால் சரியான குவெரியைத் தவறு என்று சொல்லிவிடும். எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில் இதற்கென்றே, முன்னால் எதிர்மறைக் குறி இருந்ததா என்பதை எண்ணாக மாற்றும் இடம் வரை கொண்டுபோகிறார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் பெரிய எண் முதலில் எழுத்து வடிவிலேயே நிற்கும், பார்ஸர் குறியை முன்னால் ஒட்டும், அதற்குப் பிறகுதான் எந்த வகைக்குள் அடங்கும் என்று பார்ப்பார்கள். நாங்களும் அந்த வழிதான்: லெக்ஸர் ‘இது இலக்கங்களின் தொடர்’ என்று மட்டும் சொல்லும்.

போஸ்ட்கிரெஸில் இதே இடத்தில் பலரும் இடறும் ஒரு கல் உண்டு. ‘-32768::ஸ்மால்இன்ட்’ என்று எழுதினால் எல்லை மீறியது என்று பிழை வரும், அந்த 16 பிட் முழு எண் வகையில் -32768 செல்லுபடியாகும் மதிப்பு என்றாலும். காரணம், வகை மாற்றும் இரட்டை முக்காற்புள்ளி, எதிர்மறைக் குறியைவிட இறுக்கமாகப் பிணையும். முதலில் 32768ஐ மாற்றப் பார்க்கிறது, அது அடங்காது. அடைப்புக்குறி போட்டு ‘(-32768)::ஸ்மால்இன்ட்’ என்று எழுதினால் சரி. எங்களிடம் வகை மாற்றத்துக்கு இந்தக் குறி இல்லை என்பதால் தப்பித்தோம்.

எண்கள் பக்கம் இன்னொன்று. ‘123மொத்தம்’ என்று எண்ணும் பெயரும் ஒட்டி வந்தால்? எங்கள் பழைய லெக்ஸர் 123 என்று ஒன்று, ‘மொத்தம்’ என்று ஒன்று எனப் பிரித்து, மாற்றுப் பெயராக எடுத்துக்கொண்டது. போஸ்ட்கிரெஸும் 14 வரை அப்படித்தான். 2022இல் வந்த 15ஆம் பதிப்பில் அதைப் பிழையாக்கினார்கள். அதனால்தான் அடுத்த ஆண்டு வந்த 16ஆம் பதிப்பில் 1_500_000 போன்ற அடிக்கோடு போட்ட எண்களையும், பதினாறடிமான எண்களையும் சிக்கலில்லாமல் சேர்க்க முடிந்தது. நாங்களும் பிழையாக்கிவிட்டோம். பின்னால் இடம் வேண்டுமென்றால் இப்போதே கதவைச் சாத்திவைப்பது நல்லது.

தமிழ்ப் பெயர்கள்

இங்கேதான் அதிக நேரம் போனது, அதிகம் ரசித்ததும் இங்கேதான். பழைய கோடு, எழுத்தா இல்லையா என்று பார்க்க சி நூலகத்தின் இஸ்ஆல்ஃபாவைக் கூப்பிட்டது. எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். மூன்றுமே 127க்கு மேல். கேரக்டர் வகை குறியுள்ளதாக இருக்கும் கணினிகளில் அவை எதிர்மறை மதிப்பாகிவிடும். எதிர்மறை மதிப்பைக் கொடுத்தால் இஸ்ஆல்ஃபா என்ன செய்யும் என்பதற்கு சி மொழியின் தரவரையறையில் உத்தரவாதமே இல்லை. பெயரை எல்லாம் ஆங்கிலத்தில் வைத்ததால் இத்தனை நாள் வெளியே வரவில்லை.

அதைத் தூக்கிவிட்டு 256 இடங்கள் கொண்ட ஒரு அட்டவணை வைத்தேன். ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வகுப்பு: வெற்றிடம், எழுத்து, இலக்கம், மேற்கோள், செயல்குறி. முதல் பைட்டைப் பார்த்ததும் எந்தக் கிளைக்குப் போவது என்று தெரிந்துவிடும். எஸ்கியூலைட்டின் கையால் எழுதிய டோக்கனைசரும் இப்படித்தான். 127க்கு மேல் உள்ள பைட் எல்லாமே ‘எழுத்து’. போஸ்ட்கிரெஸும் எஸ்கியூலைட்டும் இதே விதியைத்தான் வைத்திருக்கின்றன, அதனால்தான் அவற்றில் மேற்கோள் போடாமலே தமிழில் அட்டவணைப் பெயர் வைக்க முடிகிறது.

இந்த விதி தாராளமானது. தாராளத்துக்கு விலை உண்டு. வேர்ட் ஆவணத்திலிருந்தோ வாட்ஸப்பிலிருந்தோ ஒட்டிய குவெரியில் உடையா இடைவெளி ஒன்று ஒளிந்திருந்தால் அதுவும் ‘எழுத்து’ ஆகிவிடும். ‘செலக்ட்’ என்ற கீவேர்டோடு (குவெரி மொழியில் தனிப் பொருள் உள்ள சொல்) ஒட்டிக்கொண்டு, யாரும் கேள்விப்படாத ஒரு பெயராக மாறிவிடும். வளைந்த மேற்கோள் குறிகளும் அப்படியே: ‘மதுரை’ என்ற சரம் என்று நினைத்து எழுதியது, அப்படி ஒரு பத்தி இல்லை என்ற பதிலோடு திரும்பும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், அதுதான் கொடுமை.

இவற்றை லெக்ஸரிலேயே பிடிக்கலாமா என்று யோசித்தோம். ஒவ்வொரு பெயருக்கும் உள்ளே புகுந்து பார்க்க வேண்டும், ஆயிரத்தில் ஒரு குவெரிக்காக மற்ற எல்லாம் காத்திருக்க வேண்டும். வேண்டாம். பிழை என்று முடிவான பிறகு, அந்தச் செய்தியைத் தயாரிக்கும் இடத்தில் மட்டும் பெயருக்குள் தேடுகிறோம். இருந்தால் ‘இங்கே சாதாரண இடைவெளி இல்லை, வேறு குறியீடு இருக்கிறது’ என்று ஒரு வரி கூடுதலாக வரும்.

அப்புறம் கொகரம். ‘கொ’ என்பதை க, ஒகரக் குறி என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். க, எகரக் குறி, கால் என்று மூன்றாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பைட்டுகள் வேறு, ஆகவே லெக்ஸருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஒரு கீபோர்டில் ‘தொகை’ என்று பத்தியை உருவாக்கி, இன்னொரு கீபோர்டில் அதே பெயரைத் தேடினால் கிடைக்காது. போஸ்ட்கிரெஸோ எஸ்கியூலைட்டோ இதைத் தானாகச் சரிசெய்வதில்லை.

முழு யூனிகோடுக்கும் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்குவது) செய்யப் பெரிய நூலகம் வேண்டும். ஆனால் தமிழ்த் தொகுதிக்குள் இப்படிச் சேரும் ஜோடிகள் நான்கே நான்குதான்: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, பிறகு தனி எழுத்தான ஔ. நான்கு வரி அட்டவணை போதும். லெக்ஸர் மூலச் சரத்தில் எங்கே தொடங்கி எத்தனை பைட் என்று மட்டும் சொல்கிறது. பார்ஸர் அதைப் பெயராகப் பதிவுசெய்யும்போது, ஆங்கில எழுத்துகளைச் சிறியதாக்கும் அதே இடத்தில் இந்தச் சேர்க்கையும் நடக்கிறது. ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தை மட்டும் தொடுவதே இல்லை. அது பயனரின் டேட்டா, அதை மாற்ற லெக்ஸருக்கோ பார்ஸருக்கோ உரிமை இல்லை.

பெயரின் நீளத்துக்கு வரம்பு வைக்கும்போது போஸ்ட்கிரெஸைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தோம். அங்கே பெயருக்கு 63 பைட் வரம்பு. தமிழில் அது 21 குறியீடுதான், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. ‘மாணவர்_தாய்மொழி_மதிப்பெண்’ என்று வைத்தால் 71 பைட் வரும். ஓர் அறிவிப்புக் கொடுத்துவிட்டு ‘மாணவர்_தாய்மொழி_மதிப்ப’ என்று வெட்டிவிடும். குறியீட்டின் நடுவில் வெட்டாது, அந்த அளவுக்குக் கவனம் உண்டு. எழுத்தின் நடுவில் வெட்டும். நாங்கள் 255 பைட் என்று வைத்து, மீறினால் வெட்டாமல் பிழை என்றே சொல்லிவிடுகிறோம்.

கீவேர்டுகள்

பழைய முறை: ஒவ்வொரு சொல்லையும் கீவேர்ட் பட்டியலோடு வரிசையாக ஒப்பிடுவது. எங்களுடையது சின்னப் பட்டியல்தான், ஆனால் குவெரியில் பெரும்பாலான சொற்கள் கீவேர்டே இல்லை, ஆகவே பட்டியல் முழுவதும் ஓடித் தோற்ற பிறகுதான் விடை. நானூறுக்கு மேல் கீவேர்டு வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் வெகுநாள் பைனரி தேடலில் ஓட்டி, 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் மோதலே இல்லாத ஹாஷுக்கு (சொல்லிலிருந்தே பட்டியலில் அதன் இடத்தைக் கணக்கிடும் முறை) மாறியது. நாங்களும் பில்ட் செய்யும்போதே அப்படி ஒரு ஹாஷ் அட்டவணையை உருவாக்கும் சிறு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டோம். ஒரே ஒரு ஒப்பீட்டில் ஆமா இல்லையா தெரிந்துவிடும்.

சிறிய எழுத்தாக மாற்றுவதில் ஒரு பொறி உண்டு. சி நூலகத்தின் மாற்றும் ஃபங்ஷன், கணினியின் மொழி அமைப்பைப் பார்க்கும். துருக்கி மொழி அமைப்பில் ஆங்கில ‘ஐ’யின் பெரிய எழுத்து, புள்ளியில்லாத வேறொரு சிறிய எழுத்தாகும். ‘இன்செர்ட்’டும் ‘லிமிட்’டும் பெரிய எழுத்தில் வந்தால் கீவேர்டாகத் தெரியாமல் போகும். ஆகவே ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு மட்டும் நாமே கணக்குப் போட்டு மாற்றுவதுதான் பாதுகாப்பு. போஸ்ட்கிரெஸும் கீவேர்டுக்கு அப்படித்தான் செய்கிறது.

‘டேட்’ என்ற பத்திப் பெயர் பிரச்சினை இங்கேதான் தீர்ந்தது. லெக்ஸர் ‘இது டேட் என்ற கீவேர்ட்’ என்று சொல்வதில் தப்பில்லை. அதைப் பெயராக ஏற்கலாமா என்பதை பார்ஸர் முடிவு செய்யட்டும். எஸ்கியூலைட் பயன்படுத்தும், ரிச்சர்ட் ஹிப் எழுதிய லெமன் என்ற பார்ஸர் ஜெனரேட்டரில் (இலக்கணத்திலிருந்து பார்ஸரை உருவாக்கும் கருவி) இதற்கு அழகான வசதி இருக்கிறது: இந்தக் கீவேர்ட் இந்த இடத்தில் பொருந்தாவிட்டால் சாதாரணப் பெயராக எடுத்துக்கொள் என்று ஒரே வரியில் அறிவித்துவிடலாம். போஸ்ட்கிரெஸ் கீவேர்டுகளை நான்கு பிரிவாகப் பிரித்து, எது எங்கே பெயராகலாம் என்று இலக்கணத்தில் எழுதிவைக்கிறது. எங்களுக்கு இரண்டு பிரிவு போதுமாக இருந்தது: செலக்ட், ஃப்ரம், வேர் போன்று எப்போதும் விடாதவை ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம்.

கோவைகள்

இனி பார்ஸர், அதிலும் ‘வயது + 1’ போன்ற கணக்குகளையும் நிபந்தனைகளையும், அதாவது கோவைகளை, படிக்கும் இடம். பழையது, ஒவ்வொரு முன்னுரிமைப் படிக்கும் ஒரு ஃபங்ஷன். ஆர், அதற்குள் ஆண்ட், அதற்குள் நாட், ஒப்பீடு, கூட்டல், பெருக்கல் என்று இறங்கும். வெறும் ‘5’ என்று எழுதினாலும் எல்லாப் படியும் இறங்கி ஏற வேண்டும். இதை கணினி அறிஞர் வான் பிராட் 1973இல் வெளியிட்ட முறைக்கு மாற்றினேன். ஒரே ஃபங்ஷன், ஒவ்வொரு செயல்குறிக்கும் ஒரு பிணைப்பு வலிமை எண். வலது பக்கம் வரும் குறியின் வலிமை நம் வரம்பைவிடக் குறைவென்றால் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். புது செயல்குறி சேர்க்க அட்டவணையில் ஒரு வரி போதும்.

பிட்வீன்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ‘வயது பிட்வீன் 5 ஆண்ட் 10 ஆண்ட் ஊர் = ...’ என்பதில் முதல் ஆண்ட் பிட்வீனுக்குச் சொந்தம், இரண்டாவது நிபந்தனையை இணைப்பது. இரு எல்லைகளையும் படிக்கும்போது வரம்பை ஒப்பீட்டுக்கும் மேலே உயர்த்திவிட்டால், ஆண்டைக் கண்டதும் அது தானாக நின்றுவிடும்.

நாட் வேறு மாதிரி. முன்னால் வந்தால் மறுப்பு, வலிமை குறைவு. ஒரு மதிப்புக்குப் பின்னால் வந்தால் ‘நாட் இன்’, ‘நாட் லைக்’, ‘நாட் பிட்வீன்’ என்பதன் முதல் பாதி. ஒரே ஒரு டோக்கனை மட்டும் முன்பார்க்கும் பைசன் போன்ற பார்ஸர் ஜெனரேட்டருக்கு இது தொல்லை. போஸ்ட்கிரெஸில் லெக்ஸருக்கும் பார்ஸருக்கும் நடுவே ஒரு சிறு வடிகட்டி உட்கார்ந்து, நாட்டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று எட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் அதை வேறு டோக்கனாக மாற்றிக் கொடுக்கிறது. கையால் எழுதிய பார்ஸரில் நாமே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

‘1 < வயது < 18’ என்று கணக்குப் பாடத்தில் எழுதுவதுபோல எழுதினால் என்ன செய்வது? எஸ்கியூலைட் இடமிருந்து வலமாக எடுத்துக்கொள்ளும். முதல் ஒப்பீட்டின் விடை 0 அல்லது 1, அது எப்போதும் 18ஐவிடக் குறைவு. வயது காலியாக இல்லாத எல்லா வரிசையும் வந்துவிடும், யாருக்கும் சந்தேகமே வராது. போஸ்ட்கிரெஸில் இது இலக்கணப் பிழை. நாங்கள் போஸ்ட்கிரெஸ் பக்கம் சாய்ந்தோம், ‘ஆண்ட் போட்டு இரண்டு ஒப்பீடாக எழுதவும்’ என்ற குறிப்போடு. மௌனமாகத் தப்பான விடை கொடுப்பதற்கு, கத்துவது எவ்வளவோ மேல்.

விழுந்துபோகும் சிக்கலுக்குக் காரணம் ஆழம். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி என்று போய்க்கொண்டே இருந்தால் தன்னைத்தானே கூப்பிடும் ஃபங்ஷன், அழைப்புகளுக்கென ஒதுக்கிய மெமரியான ஸ்டாக்கைத் தின்று தீர்த்துவிடும். எஸ்கியூலைட்டில் கோவையின் ஆழத்துக்கு இயல்பு வரம்பு 1000. கிளிக்ஹவுஸ் என்ற டேட்டாபேஸும் பார்ஸர் ஆழத்துக்கு அதே 1000தான் வைத்திருக்கிறது. நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். ஆனால் ஆயிரக்கணக்கான நிபந்தனைகளை ஆண்ட் போட்டு வரிசையாக நீட்டும் குவெரி உண்மையில் ஆழமானது இல்லையே. அதற்கு, அடுத்தடுத்து வரும் ஆண்ட்களைப் பட்டியலாகத் தட்டையாக்கிவிட்டோம், போஸ்ட்கிரெஸ் செய்வதுபோல.

பார்ஸர் அத்துமீறிய இடம் ஒன்று: ‘எல்லாப் பத்திகளும்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறியைப் பார்த்ததும் அட்டவணையைத் திறந்து பத்திப் பெயர்களை எல்லாம் அங்கேயே நிரப்பியது. தோற்றுப்போன டிரான்சாக்ஷனுக்குள் ‘ரோல்பேக்’ (செய்ததை ரத்து செய்) என்று சொன்னால்கூட அதை பார்ஸ் செய்துதானே ஆக வேண்டும்? அந்த நேரத்தில் அட்டவணைகளைத் தொடக்கூடாது. போஸ்ட்கிரெஸில் வெறும் இலக்கணப் பகுதி, பெயர்களைப் பொருத்திப் பார்க்கும் பகுதி என்று கறாராகப் பிரித்திருப்பதற்கு இதுதான் காரணம். நாங்களும் பிரித்தோம். மாற்றியதில் அதிகக் கோடு நகர்ந்தது இங்கேதான், அதனாலேயே சொல்வதற்கு அதிகமில்லை.

பிழைச் செய்தியும் வேகமும்

ஒவ்வொரு டோக்கனும் தன் தொடக்க இடத்தை வைத்திருப்பதால் வரி எண், எழுத்து எண்ணைப் பிழை வந்த பிறகு கணக்கிட்டால் போதும். பிழைக்குக் கீழே ஒரு கூம்பு அம்புக்குறி வரைந்து காட்டலாம் என்று ஆசைப்பட்டோம். தமிழில் அது நிற்கவே இல்லை. பைட் கணக்கில் எங்கோ போனது, குறியீட்டுக் கணக்கிலும் நகர்ந்தது, ‘ணௌ’வும் ‘ர’வும் டெர்மினலில் ஒரே அகலமா என்ன? அம்புக்குறியை விட்டுவிட்டு, பிழை வந்த சொல்லையே மேற்கோளில் காட்டி ‘இதன் அருகில்’ என்கிறோம். மூடாத மேற்கோள் என்றால் குவெரியின் முடிவை அல்ல, மேற்கோள் திறந்த இடத்தைக் காட்டுகிறோம்.

வேகத்தில் பெரும் தண்டம், டோக்கனுக்கு டோக்கன் மெமரி ஒதுக்கிச் சரத்தை நகலெடுத்தது. இப்போது டோக்கன் மூலச் சரத்தையே சுட்டும். உள்ளே இரட்டிக்கப்பட்ட மேற்கோள் இருந்தால் மட்டும் நகல். பார்ஸ் மரத்தின் கணுக்கள் எல்லாம் ஒரே பெரிய மெமரித் துண்டிலிருந்து வெட்டப்பட்டு, குவெரி முடிந்ததும் மொத்தமாக விடப்படும். வரிசைகளைச் சேர்க்கும் இன்செர்ட்டுக்கு கிளிக்ஹவுஸின் யோசனையைக் கடன் வாங்கினோம். அங்கே முழு பார்ஸர் பார்ப்பது குவெரியின் முதல் 262144 பைட் வரைக்கும்தான். வேல்யூஸுக்குப் பிந்தைய டேட்டாவை வேறொரு ஓடும் பார்ஸர் பார்த்துக்கொள்ளும். எங்களுடையதும் வேல்யூஸைத் தாண்டியதும் வெறும் எண், சரம், கமாவாக இருக்கும்வரை மரமே கட்டாமல் நேராக வரிசையாக மாற்றுகிறது. ஏதாவது கோவை தென்பட்டால் அந்த வரிசைக்கு மட்டும் பழையபடி முழு பார்ஸர்.

சோதனைக்கு மிகவும் உதவியது ஒரு எளிய விதி: குவெரியை மரமாக்கு, மரத்தைத் திரும்பக் குவெரியாக அச்சிடு, அதை மறுபடி மரமாக்கு, இரண்டு மரமும் ஒன்றாக இருக்க வேண்டும். லிப்ஃபஸர் என்ற சோதனைக் கருவி கண்டபடி உருவாக்கிய குவெரிகளை இதில் ஓட்டினோம். மாட்டியவற்றில் எனக்குப் பிடித்தது ‘-(-1)’. அச்சிடும் பகுதி அதை ‘--1’ என்று எழுதியது. குவெரி மொழியான எஸ்கியூஎல்லில் இரண்டு கோடு என்றால் வரி முடியும்வரை கருத்துரை. குவெரியின் மீதிப் பாதி அப்படியே காணாமல் போனது. எதிர்மறைக்குள் எதிர்மறை வந்தால் கட்டாயம் அடைப்புக்குறி என்று அச்சிடும் பகுதியில்தான் சரிசெய்தோம். லெக்ஸர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அடுத்து விண்டோ ஃபங்ஷன்கள், அதாவது ஒரு வரிசைக்கான விடையை அதனோடு தொடர்புள்ள மற்ற வரிசைகளையும் பார்த்துக் கணக்கிடுபவை. ‘விண்டோ’, ‘ஓவர்’, ‘ஃபில்டர்’ என்று யாராவது ஏற்கெனவே பத்திக்குப் பெயர் வைத்திருந்தால் அவர்கள் ஃபைல் உடையக்கூடாது. 2018இல் 3.25 பதிப்பில் இவற்றைச் சேர்த்தபோது எஸ்கியூலைட், அக்கம்பக்கத்து டோக்கன்களைப் பார்த்து, இது கீவேர்டா பெயரா என்று டோக்கனைசரிலேயே முடிவெடுக்கும்படி செய்தது. அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது: லெமனில் டோக்கனைசர்தான் பார்ஸரைக் கூப்பிடும், பார்ஸர் திரும்பிக் கேட்க வழியில்லை. எங்களுடைய பார்ஸர்தான் லெக்ஸரைக் கூப்பிடுகிறது, ஆகவே ஃபங்ஷனின் மூடும் அடைப்புக்குறிக்குப் பிறகு ‘ஓவர்’ வந்து, அதன் பின் திறக்கும் அடைப்புக்குறியோ ஒரு பெயரோ வந்தால் மட்டும் கீவேர்டாக எடுக்கும்படி பார்ஸரில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.